வேதத்தை மறுத்த சமயத்துக்கு இந்துச் சான்றிதழ்

புது தில்லி: மாநிலங்களவை உறுப்பினராக 2024 ஏப்ரலில் பதவியேற்க வந்த மேற்கு வங்கத்தின் மம்தா பாலா தாக்கூர், உறுதிமொழியோடு ஹரிசந்த், குருசந்த் என்ற இரு பெயர்களையும் சேர்த்து உச்சரித்தார். வரையறுக்கப்பட்ட வாசகத்தில் அப்பெயர்களுக்கு இடமில்லை என்பதால், அவர் மீண்டும் உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. மதுவா சமயத்தின் குருமார்கள் அவமதிக்கப்பட்டுவிட்டதாகத் திரிணமூல் காங்கிரஸ் குரல் எழுப்பியது. அதே குருமார்களின் வழித்தோன்றலும், மம்தா பாலாவின் கணவருக்குத் தம்பி மகனுமான சாந்தனு தாக்கூர், அப்போது மத்திய பாரதிய ஜனதா அரசில் கப்பல் துறை இணையமைச்சராக இருந்தார்.

ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர், ஒரே இரு பெயர்களை முன்னிறுத்தி, எதிரெதிர் கட்சிகளின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்பது அரசியலில் புதுமையன்று. ஆனால், அந்த இரு பெயர்களுக்கும் உரியவர்கள் எதைப் போதித்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் குடும்பச் சண்டையாகத் தோன்றாது. சாதியை ஒப்புக்கொள்ளாதே, புரோகிதனைத் தேடாதே, பிற சமயத்தாரை வெறுக்காதே என்று சொன்ன ஓர் இயக்கம், இன்று எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கிலேயே தலைநகரில் பேசப்படுகிறது.

ஏளனப் பெயரே சமயப் பெயராக...

இன்றைய வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் பகுதியில் உள்ள ஓராகாந்தி, மதுவா சமயத்தின் தாயகம். அப்பகுதியில் 1812-ல் பிறந்த ஹரிசந்த் தாக்கூர், நம் அய்யா வைகுண்டருக்கு மூன்று ஆண்டுகள் இளையவர். வள்ளலாருக்குப் பதினோரு ஆண்டுகள் மூத்தவர். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்ததற்குச் சான்றில்லை. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் வெவ்வேறு மூலைகளில் ஒடுக்கப்பட்டோரிடமிருந்தும் அவர்களுக்காகவும் எழுந்த குரல்களில் வியக்கத்தக்க ஒற்றுமை இருந்தது.

ஹரிசந்த் பிறந்த சமூகத்தை அன்றைய மேல்சாதியார் 'சண்டாளர்' என்றே அழைத்தனர். படகோட்டியும், சதுப்பு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டும் வாழ்ந்த அம்மக்களுக்குக் கோயிலும் இல்லை, பள்ளியும் இல்லை. அவர்களிடம் ஹரிசந்த் சொன்னது எளிமையானது. தீட்சை வேண்டாம், தீர்த்த யாத்திரை வேண்டாம், மந்திரம் வேண்டாம். இல்லறத்தில் இருந்தபடியே, கை உழைக்க, வாய் ஹரி நாமம் சொன்னால் போதும். வேதச் சடங்குகளையும் பிராமணப் புரோகிதத்தையும் அவர் ஏற்கவில்லை.

உண்மை பேசுதல், பெற்றோரைத் தெய்வமாகப் போற்றுதல், பெண்களைத் தாயாக மதித்தல், சாதி வேற்றுமை பாராட்டாமை, எல்லாச் சமயங்களிடமும் சகிப்புணர்வு, துறவிக் கோலத்தை வெளிக்காட்டாமை ஆகியவை மதுவாக்கள் பின்பற்ற வேண்டிய பன்னிரண்டு கட்டளைகளுள் அடங்கும். முரசு முழங்க, ஆணும் பெண்ணும் சேர்ந்து தம்மை மறந்து பாடி ஆடியதைக் கண்ட பிறர், பித்தேறியவர்கள் என்ற பொருளில் ஏளனமாகச் சூட்டிய பெயரே 'மதுவா' என்பர். அந்த ஏளனத்தையே அவர்கள் தங்கள் அடையாளமாக ஏற்றுக்கொண்டனர்.

அதிகாரம் தேவை என்றார் குருசந்த்

மதுவாக்கள் அரசியலுக்கு வந்ததே தவறு என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சமூக மரியாதைக்கான போராட்டம் அம்மக்களிடையே முன்பே தொடங்கிவிட்டது. 1872-73-ல், நாமசூத்திரப் பிரமுகர் ஒருவர் வீட்டு ஈமச்சடங்கு விருந்துக்கு மேல்சாதியார் வர மறுத்ததைத் தொடர்ந்து, பரீத்பூர், பாகர்கஞ்ச் பகுதிகளில் மேல்சாதியாருக்கு எந்த வேலையும் செய்வதில்லை என்று அம்மக்கள் மாதக்கணக்கில் புறக்கணிப்பு நடத்தினர். வறுமை காரணமாக அது நீடிக்க முடியாமல் போனாலும், இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதற்குத் தனி இடமுண்டு.

ஹரிசந்த் 1878-ல் மறைந்தபின் பொறுப்பேற்ற மகன் குருசந்த், அந்த உணர்வைக் கல்வியின் பக்கம் திருப்பினார். ஓராகாந்தியில் பள்ளி தொடங்கினார். ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் பாதிரியார் மீட் என்பவரின் துணையைக் கல்விக்காகப் பெற்றார். ஆனால், மதம் மாறவில்லை. 1911-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சண்டாளர்' என்ற பெயர் நீங்கி 'நாமசூத்திரர்' என்ற பெயர் இடம்பெற்றது அந்நாளைய இயக்கத்தின் பெரும் வெற்றி.

தனக்கென ஓர் அணி இல்லாதவனுக்கு வலிமையும் இல்லை என்பது குருசந்தின் புகழ்பெற்ற அறிவுரை. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டபோது, தம் மக்களை அதில் சேர்க்க அவர் இசையவில்லை. தொட்டால் தீட்டு என்று ஒதுக்குவோர், போராட்டத்துக்கு மட்டும் உறவு கொண்டாடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. பிரிட்டிஷ் அரசிடமிருந்து கல்வியும் வேலைவாய்ப்பும் பெறுவதே முதற்கடமை என அவர் கருதினார். நீதிக்கட்சியின் வரலாற்றை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த வாதம் புதியதாக இராது.

ஆக, அதிகாரத்தை நாடுவது மதுவா போதனைக்கு முரணன்று. பிறர் அணிக்கு ஏணியாக இருப்பதை விடுத்து, நமக்கென ஓர் அணி அமைப்போம் என்பதே குருசந்தின் நிலைப்பாடு. பின்னர் தடம் மாறியது இந்த இடத்தில்தான்.

எல்லை பிரித்த மக்கள்

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து செல்ல வழியின்றி இருந்த டாக்டர் அம்பேத்கர், வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குத் துணை நின்றவர் நாமசூத்திரத் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். குருசந்தின் பேரனும் வழக்கறிஞருமான பிரமத ரஞ்சன் தாக்கூர், காங்கிரஸ் சார்பில் அதே சபையில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டே நாடு பிளந்தது. நாமசூத்திரர் பெருமளவில் வாழ்ந்த மாவட்டங்கள் பாகிஸ்தானின் பக்கம் போயின. தலித்துகளும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ முடியும் என்று நம்பிப் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான மண்டல், 1950-ல் பதவி விலகி இந்தியா திரும்பினார்.

பிரமத ரஞ்சன் எல்லைக்கு இப்பால், இன்றைய வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில், தாக்கூர்நகரை உருவாக்கினார். 1950, 1964, 1971 என அலையலையாக வந்த அகதிகளுக்கு அந்த ஊர் இரண்டாவது ஓராகாந்தி ஆயிற்று. ஹரிசந்தின் பிறந்தநாளையொட்டிச் சைத்ர மாதத்தில் அங்கு நடைபெறும் பாருணி மேளாவில், சிவப்புக் கொடிகளுடனும் முரசுகளுடனும் லட்சக்கணக்கானோர் கூடி, காமனா சாகர் குளத்தில் நீராடுகின்றனர்.

வசதியும் கல்வியும் பெற்றிருந்த மேல்சாதி அகதிகள் கொல்கத்தாவைச் சுற்றிக் குடியேறினர். ஏழை நாமசூத்திரர்களோ வங்கத்துக்கு வெளியே தண்டகாரண்யத்துக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கிருந்து திரும்பிச் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடியேறியவர்களை 1979-ல் அன்றைய இடதுசாரி அரசு முற்றுகையிட்டு, காவல்துறையைக் கொண்டு அப்புறப்படுத்தியது. அதில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியதாகவே உள்ளது. அகதிகளுக்காகப் போராடி வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்தபின் இவ்வாறு நடந்துகொண்டதை அம்மக்கள் மறக்கவில்லை.

ஒரு வீடு, இரண்டு மகாசங்கம்

2003-ல் வாஜ்பாய் அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மதுவாக்களின் அச்சத்தைக் கோரிக்கையாக மாற்றியது. உரிய ஆவணமின்றி நுழைந்தோர் அனைவரும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' எனப்பட்டனர். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவிலேயே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவர் அத்தகையவராக இருந்தால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றாயிற்று. வங்கதேசம் போன்ற நாடுகளில் துன்புறுத்தப்பட்டு வரும் சிறுபான்மையினரிடம் தாராளம் காட்ட வேண்டும் என்று அப்போதைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டாரேயன்றி, சட்டத்தை எதிர்க்கவில்லை. பின்னர் பத்து ஆண்டுகள் பிரதமராக இருந்தபோதும் அப்பிரிவு மாறவில்லை.

இடதுசாரி ஆட்சி ஆட்டம் கண்ட 2009-2010 காலகட்டத்தில்தான் கட்சிகளின் பார்வை தாக்கூர்நகர் மீது விழுந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்க மக்களில் 23.5 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர். அவர்களுள் ராஜவம்சியருக்கு அடுத்த பெரிய பிரிவு நாமசூத்திரர். மதுவாக்களைத் தனியே எண்ணிய கணக்கு ஏதும் இல்லை. ஆதலால் தலைவர்கள் சொல்லும் எண்ணிக்கை கோடிகளில் ஏறி இறங்குகிறது.

பிரமத ரஞ்சனின் துணைவியார் வீணாபாணி தேவி, 'போரோ மா' (பெரியம்மா) என அனைவராலும் அழைக்கப்பட்டவர். அவரது ஆசி மம்தா பானர்ஜிக்குக் கிடைத்தது. 2011-ல் ஆட்சி மாறியபோது இளைய மகன் மஞ்சுள் கிருஷ்ணா அமைச்சரானார். 2014-ல் மூத்த மகன் கபில் கிருஷ்ணா, பன்காவ் தொகுதியின் திரிணமூல் மக்களவை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்ததும் வீடு பிளந்தது. மஞ்சுள் 2015 ஜனவரியில் அமைச்சர் பதவியைத் துறந்து பாஜகவில் சேர்ந்தார். பன்காவ் இடைத்தேர்தலில் கபிலின் மனைவி மம்தா பாலாவும், மஞ்சுளின் மகன் சுப்ரதாவும் எதிரெதிரே நின்றனர். பெரியம்மா வென்றார்.

2019 பிப்ரவரி 2-ல் பிரதமர் நரேந்திர மோதி தாக்கூர்நகருக்கே வந்து போரோ மாவைச் சந்தித்தார். மார்ச் 5-ல் அவர் காலமானார். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் மஞ்சுளின் மற்றொரு மகன் சாந்தனு, மம்தா பாலாவை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வேறுபாட்டில் தோற்கடித்தார். 2021 மார்ச்சில், மேற்கு வங்கத்தில் முதற்கட்ட வாக்குப்பதிவு நடந்த அதே நாளில், பிரதமர் ஓராகாந்தி கோயிலில் வழிபட்டார். சாந்தனு அவ்வாண்டு இணையமைச்சரானார். சுப்ரதா சட்டமன்ற உறுப்பினரானார். மறுபுறம், மம்தா பாலா மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். அவரது மகள் மதுபர்ணா, 2024 ஜூலையில் பாக்தா இடைத்தேர்தலில் வென்று 25 வயதிலேயே சட்டமன்றம் சென்றார்.

இப்போது அகில இந்திய மதுவா மகாசங்கம் என்ற பெயரையே இரு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றன. 2023 ஜூனில் திரிணமூல் பொதுச் செயலாளர் அபிஷேக் பானர்ஜி வந்தபோது கோயில் கதவு அடைக்கப்பட்டது, மோதல் வெடித்தது. 2024 ஏப்ரலில் போரோ மா வாழ்ந்த வீட்டின் பூட்டு தொடர்பாகத் தகராறு ஏற்பட்டது. 2025-ல் குடியுரிமை விண்ணப்ப முகாம் நடத்துவது குறித்து சாந்தனுவும் சுப்ரதாவுமே பகிரங்கமாக மோதிக்கொண்டனர். மந்திரமும் தீட்சையும் தேவையில்லை, இடைத்தரகர் இன்றி எவரும் ஹரியை அடையலாம் என்ற சமயத்தில், குரு பரம்பரை ஒரு தேர்தல் சொத்தாகி, அதைப் பாகம் பிரிப்பதில் வழக்கும் வம்பும் வளர்ந்துள்ளன.

சட்டம் கேட்கும் சான்று

2019-ல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோருக்கு வழி திறந்தது. முஸ்லிம்களை அது விலக்கியது. இலங்கையும் அப்பட்டியலில் இல்லாததால், தமிழக முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் ஈழத்தமிழ் அகதிகளும் விலக்கப்பட்டனர். சட்டத்தை வரவேற்று முதலில் முரசு கொட்டியவர்களில் மதுவாக்களின் ஒரு பிரிவினர் முக்கியமானவர்கள். ஆனால், விதிகள் அறிவிக்கப்பட 2024 மார்ச் 11 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விதிகள் வந்தபின்தான் சிக்கல் புரிந்தது. விண்ணப்பதாரர் தாம் குறிப்பிட்ட அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதற்கு ஏதேனும் ஆவணம் காட்ட வேண்டும். இரவோடு இரவாகப் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அது எப்படி இருக்கும்? மேலும், வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் பெற்று வாக்களித்துவரும் ஒருவர், விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட கணத்தில் தம்மை அயல்நாட்டவர் என்று தாமே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். விண்ணப்பம் தள்ளுபடியானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மேடைகளில் தெளிவான விடை கிடைக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டியே, நிபந்தனையற்ற குடியுரிமை வேண்டும் என்று மம்தா பாலா தரப்பு கோருகிறது.

விதிகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பதாரர் மேற்கூறிய சமயங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், தொடர்ந்து அதில் இருப்பவர் என்று உள்ளூரில் மதிப்புப் பெற்ற சமூக அமைப்பு ஒன்று சான்று அளிக்க வேண்டும். தாக்கூர்நகரில் நடைபெற்ற முகாம்களில் சாந்தனு தலைமையிலான மகாசங்கத்தின் பெயரில், விண்ணப்பதாரர் இந்து என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

மதுவாக்கள் இந்து சமயத்தின் ஒரு பிரிவினரா, தனிச் சமயத்தாரா என்பது அவர்களுக்குள்ளேயே முடிவுறாத விவாதம். ஹரிசந்தைத் திருமாலின் அவதாரமாகப் போற்றும் வைணவ மரபும் அங்குண்டு. வேதத்தையும் வருணத்தையும் மறுத்தவரை அந்தச் சட்டகத்துக்குள் அடைக்கக் கூடாது என்று கூறும் அம்பேத்கரியச் சிந்தனையாளர்களும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் மன்றத்தில் நடந்துவந்த அந்த விவாதத்தை, ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒற்றை வரி முடித்துவைக்கிறது. மதுவா என்று எழுதினால் அப்படிவத்தில் இடமில்லை. இந்து என்று எழுதியே தீர வேண்டும்.

பட்டியலில் பெயர் இருக்குமா?

2025 அக்டோபர் இறுதியில் தேர்தல் ஆணையம் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிர திருத்தத்தை அறிவித்தபோது இந்த முரண்பாடு நடைமுறைத் துன்பமாக மாறியது. 2002-ம் ஆண்டின் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்ட முடியாதவர்கள் ஆவணம் தேடி அலைந்தனர். எல்லை மாவட்டங்களின் மதுவா குடும்பங்களில் பீதி பரவியது. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தால் அயல்நாட்டவர். விண்ணப்பிக்காவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை என்ற இக்கட்டு அது. நவம்பரில் தாக்கூர்நகரில் மம்தா பாலா தரப்பினர் உண்ணாவிரதம் இருந்தனர். மம்தா பானர்ஜி பன்காவில் பேரணி நடத்தினார். சாந்தனு தரப்போ, விண்ணப்பித்தால் அச்சமில்லை என்று முகாம்களுக்கு அழைத்தது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 58 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர் எனப் பல பிரிவினரும் அதில் அடக்கம்.

ஊடுருவியவர்களை வெளியேற்றுவோம் என்ற முழக்கம் முஸ்லிம்களை நோக்கியது என்று நம்பிக் கைதட்டியவர்களும் அந்த வரிசையில் நிற்க நேர்ந்தது. பிற சமயத்தாரிடம் வேற்றுமை பாராட்டாதே என்ற ஹரிசந்தின் கட்டளையில் அறம் மட்டுமன்று, தற்காப்பும் அடங்கியிருந்தது. ஆவணம் கேட்கும் அரசு, ஏழையிடம்தான் முதலில் கேட்கும். அந்த ஏழையின் சமயம் என்ன என்பது பிறகுதான் தெரியவரும்.

பேரம் யாருக்கு லாபம்?

மதுவாக்களின் அரசியல் உறவுகளைக் குறைகூறுவோர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மரிச்ஜாப்பியில் கைவிடப்பட்டவர்கள், காங்கிரசாலும் இடதுசாரிகளாலும் பல பத்தாண்டுகள் பொருட்படுத்தப்படாதவர்கள், தங்களைத் தேடி வரும் முதல் கட்சியிடம் கைநீட்டியதில் வியப்பில்லை. பேரம் பேசியதால் சில பலன்களும் கிடைத்துள்ளன. ஹரிசந்த் குருசந்த் பெயரில் பல்கலைக்கழகம் அமைந்தது. எந்த அரசும் கண்டுகொள்ளாத பாருணி மேளாவுக்குப் பிரதமர் 2022-ல் காணொலி வழியே உரையாற்றினார். சண்டாளர் எனப்பட்டவர்களின் வாரிசு மத்திய அரசில் இடம்பெற்றார்.

ஆனால், கிடைத்தவை பெரும்பாலும் மரியாதைகள். கேட்டதோ உரிமை. மேடையில் குருமார்களின் பெயரைச் சொல்லத் தெரிந்த தலைவர்கள், 2003-ம் ஆண்டுப் பிரிவை நீக்கக் கோரி நாடாளுமன்றத்தில் ஒருமுறையேனும் கட்சி எல்லை கடந்து கைகோத்தார்களா? இரு அவைகளிலும் ஒரே வீட்டின் உறுப்பினர்கள் இருந்தும் அது நிகழவில்லை. பெரியம்மா ஒரு பக்கம், மகன் முறையுள்ளவர் மறுபக்கம் என்று பிரிந்து நிற்பதால், மதுவா வாக்குகள் ஒவ்வொரு தேர்தலிலும் தேவைப்படுகின்றன. மதுவா கோரிக்கை ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஒத்திவைக்கப்படுகிறது. சாந்தனுவே 2022 ஜனவரியில், மாநில பாஜக நிர்வாகிகள் பட்டியலில் தம் சமூகத்துக்கு இடமில்லை எனச் சினந்து கட்சியின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகியது இதற்குச் சான்று.

தாழ்த்தப்பட்டோர் கண்ட சமயங்கள் அனைத்துக்கும் இந்தச் சோதனை வந்தே தீர்கிறது. அரசியல் இன்றி அவை பிழைக்க முடியாது; அரசியலுக்குள் சென்றால் தம் மூலக் கொள்கையை அடமானம் வைக்க நேர்கிறது. இந்த இக்கட்டுக்குக் குருசந்த் கண்ட தீர்வு, பள்ளிக்கூடமும் சொந்த அணியும். பள்ளிகள் வளர்ந்தன. சொந்த அணி மட்டும் இரண்டாகப் பிரிந்து, இரு கட்சிகளின் கொடிகளுக்குக் கீழே நிற்கிறது. இனி ஒரு தேர்தலில் எந்தக் கட்சி வென்றாலும், ஆவணமில்லாத மதுவா முதியவர் ஒருவர் அரசு அலுவலகத்தில் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: நான் இந்த நாட்டவனா, இல்லையா? அதற்கு விடை சொல்லாத எந்த உறவும், அவர் தொழும் இரு பெயர்களுக்கும் நியாயம் செய்ததாகாது.